வைகாசியில் படுவான்கரை

மதுரையில் ஏறிக் கட்டுநாயக்காவில் இறங்க ஒரு மணி நேரம்கூட ஆவதில்லை. கொழும்புக் கோட்டையில் ரயில் ஏறி மட்டக்களப்பில் இறங்குவதற்குள் ஒரு பகலே கழிந்துவிடுகிறது. இலங்கையில் கருத்தரங்கு என்றதும் நம் கல்லூரி ஆசிரியர்கள் பலர் விமானச் சீட்டை மட்டும் பார்த்துத் தேதியை முடிவு செய்கிறார்கள். வெள்ளிக்கிழமை இறங்கி, கட்டுரை வாசித்து, சான்றிதழ் வாங்கி, குழுப்படம் எடுத்துக்கொண்டு ஞாயிறு மாலை திரும்பிவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைச் சீட்டுக்குத்தான் விலையும் அதிகம். வாரத்தின் நடுவில் திரும்பினால் மிச்சமாகும் தொகையில் மட்டக்களப்பில் சில நாள் தங்கிச் சாப்பிட்டுவிடலாம். சொந்தச் சம்பளத்தில் போகிற பயணம் என்பதால் இந்தக் கணக்கை நான் எப்போதும் போட்டுப் பார்ப்பேன்.

இந்த முறை கணக்கோடு பஞ்சாங்கமும் சேர்ந்துகொண்டது. கருத்தரங்கு முடிந்த கையோடு வைகாசிப் பௌர்ணமி. மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் கண்ணகி கோயில்கள் கதவு திறந்து சடங்கு செய்யும் காலம் அது. அவற்றில் பல, ஆண்டின் மற்ற நாட்களில் பூட்டியே கிடப்பவை. சிலப்பதிகாரம் நடத்தும் மதுரைக்காரி ஒருத்தி அந்த வாரத்தில் ஞாயிற்றுக்கிழமையே ஊர் திரும்புவது நியாயமில்லை.

கோட்டை முதல் வாழைச்சேனை வரை

உதயதேவி ரயில் காலையில் புறப்பட்டது. பொல்காவலை, குருநாகல் வரை தென்னந்தோப்பும் ஈரமும். மாகோவில் தடம் பிரிகிறது. நேரே வடக்கே போவது அனுராதபுரம் வழியாக யாழ்ப்பாணத்துக்கு. கிழக்கே திரும்புவது எங்களுடையது. தமிழ்நாட்டில் ஈழம் என்று சொன்னால் மனம் தானாக அந்த வடக்குத் தடத்தில்தான் ஓடுகிறது. எரிந்த நூலகம், நல்லூர்த் தேர், ஆறுமுக நாவலர், பனங்காடு என்று நாம் வாசித்ததிலும் கேட்டதிலும் பெரும்பகுதி யாழ்ப்பாணம். கிழக்கைப் பற்றி வாசித்தது கொஞ்சம், அதிலும் பாதி போர்ச் செய்தி. என் மாணவர்களிடம் மட்டக்களப்பு என்றால் என்ன தெரியும் என்று கேட்டால் ஒருவரிருவர் ‘மீன் பாடும்’ என்பார்கள். அதற்கு மேல் போகாது.

எதிரில் இருந்தவர் கொழும்பில் தாதியாக வேலை செய்யும் வாழைச்சேனைப் பெண். மடியில் மூன்று வயதுக் குழந்தை. கலோயா சந்தியை நெருங்கும்போது ரயில் ஊர்ந்தது. “ஆனை கடக்கிற இடம், அதான் மெள்ளப் போறான்” என்றார். 2025 பிப்ரவரியில் இந்தப் பக்கத்தில் இரவு ரயில் ஒன்று மோதி ஆறு யானைகள் செத்துப்போன செய்தியை நான் மதுரையில் வாசித்திருந்தேன். அவருக்கு அது செய்தி அல்ல. அடிக்கடி வந்துபோகிற தடம். குழந்தை சன்னலில் மூக்கை அழுத்திக்கொண்டு யானை தேடியது. சாப்பாட்டு நேரத்தில் அவர் பொதியை அவிழ்த்து, என்னைக் கேட்காமலேயே பாதி இடியப்பத்தையும் தேங்காய்ச் சம்பலையும் என் பக்கம் நகர்த்தினார். வேண்டாம் என்று சொல்ல வழியே வைக்கவில்லை.

பொலன்னறுவை வந்தது. சோழர் ஜனநாதமங்கலம் என்று பெயரிட்டு ஆண்ட ஊர். நடைமேடையில் வடை விற்றவர் சிங்களத்தில் கூவினார். மனம்பிட்டியில் மகாவலியைக் கடந்தோம். மணல் மட்டும் ஓடும் வைகைக்குப் பழகிய கண் அந்த நீரிலிருந்து திரும்ப மறுத்தது. பிறகு புதர்க்காடு, வெட்டவெளி, வெயில். புனாணை தாண்டியதும் நடைமேடைகளில் கூவும் குரல் தமிழாகிவிட்டது. வைக்கோலிலிருந்து தாள் செய்த பழைய ஆலை இருக்கும் வாழைச்சேனையில் அந்தப் பெண் இறங்கினார். “மட்டக்களப்புக்கு முதல் தரம் வாறீங்க, அங்க மருந்து வெச்சுப் பாயோட ஒட்ட வெச்சிருவாங்க என்று சொல்லியிருப்பாங்களே” என்று சிரித்தார். வெளியூர்க்காரர்கள் மட்டக்களப்பைப் பற்றிச் சொல்லும் பழைய பேச்சு அது. வந்தவன் திரும்பிப் போகமாட்டான் என்பது பொருள். மந்திரத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. பாதி இடியப்பத்தைத் தூக்கிக் கொடுக்கும் கை இருக்கிற ஊரில் அப்படி ஒரு பேச்சு பிறப்பது இயல்புதான்.

புளியந்தீவு

நகரத்தின் பழைய பகுதி ஒரு தீவு. சுற்றிலும் வாவி. எந்தத் தெருவில் நடந்தாலும் முனையில் தண்ணீர் தெரிகிறது. போர்த்துக்கேயர் 1628ல் கட்டி, பத்தே ஆண்டில் ஒல்லாந்தரிடம் இழந்த கோட்டை வாவியோரமாக நிற்கிறது. தடித்த சுவர், அதிகம் உயரமில்லை. 1814ல் வந்து, ஓராண்டு முடிவதற்குள் இறந்துபோன வில்லியம் ஓல்ட் என்ற இளம் மெதடிஸ்த பாதிரியார் தொடங்கிய பள்ளி இன்றும் மத்திய கல்லூரியாக நடக்கிறது. அதே நகரத்தில்தான் சீயோன் தேவாலயமும் இருக்கிறது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று அங்கே குண்டு வெடித்தது. இறந்தவர்களில் குழந்தைகள் பலர். நான் வாசல்வரை போய் நின்றுவிட்டுத் திரும்பினேன்.

சந்தையில் எருமைத் தயிர் சட்டி சட்டியாக அடுக்கியிருந்தார்கள். சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத கட்டி. மேலே ஆடை மஞ்சளாகப் படிந்திருக்கிறது. நம் ஊரில் தயிர் என்பது சோற்றின் கடைசி உருண்டைக்கு. இங்கே அதற்குத் தனி மரியாதை. சீனியோ பாணியோ விட்டுக் கரண்டியால் வெட்டிச் சாப்பிடுகிறார்கள். “எங்கிருந்து வருது?” என்றேன். கடைக்காரர் வாவிக்கு அப்பால் கையை நீட்டி, “படுவான்கரை” என்றார்.

வாவியை வைத்துத்தான் இங்கே நிலத்தைப் பிரிக்கிறார்கள். கடலுக்கும் வாவிக்கும் இடையில் நீளும் மணல்பட்டி எழுவான்கரை. சூரியன் எழும் பக்கம். ஊர்கள், சந்தைகள், பெரிய பள்ளிகள், பள்ளிவாசல்கள், நெடுஞ்சாலை எல்லாம் அங்கே. மேற்கே சூரியன் படும் பக்கம் படுவான்கரை. வயல், மாட்டுப்பட்டி, குளம், காடு. ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீளமுள்ள வாவி இரண்டுக்கும் நடுவில் கிடக்கிறது. எழுவான்கரை உண்ணும் சோறும் தயிரும் படுவான்கரையிலிருந்து வருகின்றன. மருத்துவரும் ஆசிரியரும் மறுபக்கமாகப் போகவேண்டும்.

வந்தாறுமூலை

கிழக்குப் பல்கலைக்கழகம் நகரத்திலிருந்து வடக்கே, செங்கலடி தாண்டி இருக்கிறது. 1981ல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986ல் பல்கலைக்கழகமானது. பரந்த வளாகம், மரமுந்திரிகை மரங்கள், மணல். கருத்தரங்கு ஒழுங்காக நடந்தது. ஒருவருக்குப் பதினைந்து நிமிடம், மணி அடித்தால் உட்காரவேண்டும். தமிழர் கருத்தரங்குக்காகக் கடல் கடப்பது புதிதல்ல. தனிநாயகம் அடிகளும் நண்பர்களும் 1964ல் உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தைத் தொடங்கி, 1966ல் கோலாலம்பூரில் முதல் மாநாட்டைக் கூட்டினார்கள். இரண்டாவது 1968ல் சென்னையில். மெரினாவில் கண்ணகி சிலையாக நின்றது அந்த மாநாட்டை ஒட்டித்தான். என் கட்டுரை அந்தச் சிலையிலிருந்துதான் தொடங்கியது. 2001ல் அகற்றப்பட்டு, 2006ல் திரும்ப வைக்கப்பட்ட அந்த உருவத்தை முன்வைத்து, தமிழ்நாட்டில் கண்ணகி வழிபாட்டை விட்டு மேடைக்கு நகர்ந்த கதையைச் சொன்னேன்.

முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் எழுந்தார். கேள்வி கேட்கவில்லை. “பிள்ளை, நீங்க சொன்னது சரி. படுவான்கரைக்குப் போய்ப் பாத்தீங்களா? இந்தக் கிழமை கதவு திறந்திருக்கு” என்றார். என் கட்டுரைக்குக் கிடைத்த மிக நல்ல மதிப்புரை அது. தேநீர் இடைவேளையில் அவரைத் தேடிப் போனேன். அவர் ஒரு மாணவியைக் கூப்பிட்டு, “இவவ உங்கட அம்மாட்டக் கூட்டிப்போ” என்றார். என் மிச்சப் பயணம் அங்கேயே முடிவாகிவிட்டது.

அந்த வளாகத்தைப் பற்றி இன்னொன்றையும் சொல்லவேண்டும். 1990ல் போர் மூண்டபோது சுற்றுவட்டார மக்கள் ஆயிரக்கணக்கில் இதற்குள் அடைக்கலம் புகுந்திருந்தார்கள். செப்டம்பர் 5ஆம் தேதி இராணுவத்தினர் வந்து 158 பேரை வரிசையிலிருந்து பிரித்து பஸ்களில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர்கள் திரும்பவில்லை. நாங்கள் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடந்த மரநிழலில் அவர்கள் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். நிகழ்ச்சி நிரலில் இதற்கு இடம் இருக்காதுதான். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களாவது தெரிந்துகொண்டு வரவேண்டும்.

கல்லடி

நகரத்திலிருந்து தெற்கே வாவியைக் கடந்தால் கல்லடி. 1924ல் கட்டிய பழைய இரும்புப் பாலமும் 2013ல் திறந்த புதிய பாலமும் பக்கத்துப் பக்கத்தில். பழைய பாலத்தில் இப்போது மாலை நேரத்தில் நடக்கிறார்கள், தூண்டில் போடுகிறார்கள். மீன் பாடுவதாகச் சொல்லும் இடம் இதன் அடிதான். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, நிலவு நிறைந்த இரவில், சத்தம் அடங்கிய பிறகு, துடுப்பின் ஒரு முனையை நீரில் விட்டு மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்கவேண்டும் என்கிறார்கள். 1848ல் இங்கே வந்த ஆங்கில அதிகாரி எமர்சன் தெனன்ட் தோணியில் போய்க் கேட்டு எழுதிவைத்திருக்கிறார். நீருக்குள்ளிருந்து பல மெல்லிய ஒலிகள் தனித்தனியாக வந்தன என்பது அவர் குறிப்பு. மீன் அல்ல, ஊரி என்ற சிப்பிதான் பாடுகிறது என்று தோணிக்காரர்கள் அவரிடம் சொன்னார்கள். நான் போன இரவில் பாலத்தின் மேல் லாரிகள் ஓயவில்லை. வலை வீசிக்கொண்டிருந்தவர் “பழைய ஆக்கள் கேட்டிருக்காங்க” என்று மட்டும் சொன்னார். திரளி மீன் நாலைந்து கிடைத்திருந்தது அவருக்கு.

கல்லடியில் எனக்கு முக்கியம் சிவானந்த வித்தியாலயத்தில் இருக்கும் விபுலானந்தர் சமாதி. 1892ல் தெற்கே காரைதீவில் பிறந்தவர். 1916ல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்வில் தேறியவர். 1931ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்த்துறைக்கு முதல் பேராசிரியர். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் வரும் யாழ் எப்படி இருந்திருக்கும் என்று தேடிப் பல ஆண்டு உழைத்து யாழ்நூலை முடித்தார். 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அது அரங்கேறியது. அடுத்த மாதம் 19ஆம் தேதி காலமானார். இசையறிந்த ஒரு மனிதர், பாடும் வாவியின் கரையில் வளர்ந்தவர், கண்ணகி கோயில்கள் நிறைந்த நாட்டிலிருந்து புறப்பட்டு நம் பக்கம் வந்து சிலம்பைத் திறந்து காட்டிவிட்டுப் போயிருக்கிறார். நம்மிடமிருந்து அந்தத் திசைக்குப் போனவர்கள் எத்தனை பேர்? சமாதிக்கு முன்னால் பள்ளிப் பிள்ளைகள் புத்தகப் பையோடு ஓடிக்கொண்டிருந்தார்கள்.

கடற்கரைப் பக்கம் திருச்செந்தூர் என்றே பெயர் வைத்த முருகன் கோயில் இருக்கிறது. 2004 சுனாமியில் அதன் கோபுரம் சாய்ந்துவிட்டது. சுற்றியிருந்த வீடுகளும் அவற்றில் இருந்தவர்களும் போய்விட்டார்கள்.

காத்தான்குடி

கல்லடிக்குத் தெற்கே சில கிலோமீட்டரில் காத்தான்குடி தொடங்குகிறது. சாலை நடுவில் வரிசையாகப் பேரீச்ச மரங்கள், இருபுறமும் நெருக்கி நிற்கும் கடைகள். எழுவான்கரையில் தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி வருகின்றன. பேசுவது ஒரே தமிழ். தாய்வழிக் குடி முறை இரண்டு பக்கமும் உண்டு. 1990 ஆகஸ்ட் 3 இரவு இங்கே இரண்டு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களை விடுதலைப் புலிகள் சுட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். துப்பாக்கிக் குண்டு துளைத்த சுவரை அப்படியே வைத்திருக்கிறார்கள். வந்தாறுமூலையில் அந்த 158 பேரைக் கொண்டுபோனதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பு நடந்தது இது. இரண்டு இடத்துக்கும் நடுவே ஒரு பஸ் பயணம். தமிழ்நாட்டில் நாம் வந்தாறுமூலைக் கணக்கை மட்டும் சொல்லப் பழகியிருக்கிறோம். அந்தச் சுவருக்கு முன்னால் நின்ற பிறகு இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல முடியும்.

வட்டிலப்பம் வாங்கிய கடையில் இருந்த பெரியவர் நான் இந்தியா என்று தெரிந்ததும் காசு வாங்க மறுத்தார். நாகூருக்கு ஒருமுறை வந்திருக்கிறாராம். அங்கே அவருக்குச் சோறு போட்ட வீட்டை இன்னும் மறக்கவில்லை. வட்டிலப்பத்தில் ஏலமும் கித்துள் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் ஒன்றை ஒன்று விடாமல் பிடித்துக்கொண்டிருந்தன.

படுவான்கரை

மண்முனைப் பாலம் 2014ல்தான் திறந்தது. அதற்கு முன் படகில்தான் இந்த இடத்தைக் கடக்கவேண்டும். மாணவியும் நானும் ஓட்டோவில் போனோம். பாலத்தின் இரு ஓரத்திலும் கண்ணா மரங்கள் வேரை நீரில் ஊன்றி நிற்கின்றன. மேற்கே இறங்கியதும் காற்று மாறுகிறது. கச்சான் காற்று வீசும் பருவம். வறண்டு, சூடாக, வயல் மணத்தோடு மேற்கிலிருந்து வரும் காற்று. சிறுபோக நெல் முழங்கால் உயரம் நின்றது. வரப்பில் எருமைகள். சில வயல்களின் ஓரத்தில் யானை காக்கும் பரண்கள். 2007ல் சண்டை நடந்தபோது இந்தக் கரை முழுவதும் காலியாகி, சனங்கள் வாவியைக் கடந்து முகாம்களில் கிடந்ததை மாணவி சொன்னாள். அப்போது அவள் கைக்குழந்தை.

கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரரைப் பார்த்தோம். கல் நந்தி புல் தின்றதால் அந்நியர் கோயிலை இடிக்காமல் போனார்கள் என்ற கதையை வாசலில் பூ விற்றவர் நேரில் பார்த்தவர் சொல்லும் தெளிவோடு சொன்னார். கோயிலில் முறைகளைக் கவனிப்பவர்களை வண்ணக்கர் என்கிறார்கள். ஒவ்வொரு குடிக்கும் திருவிழாவில் பங்கு உண்டு. பிள்ளைக்குத் தாயின் குடிதான் குடி.

அதன் பொருள் மகிழடித்தீவில் மாணவியின் அம்மா வீட்டில் விளங்கியது. ஓட்டு வீடு, பெரிய முற்றம், கிணறு. “நல்ல வீடு” என்றேன். “இது என்ட அம்மாட வீடு. மறுகா எனக்குத் தந்தவ. இது இவளுக்கு. தங்கச்சிக்கு அங்கால ஒண்டு கட்டணும்” என்று விரலால் வளவின் மூலையைக் காட்டினார். கணவர்? அவர் பக்கத்து ஊர்க்காரர், கல்யாணம் முடித்து இங்கே வந்து இருக்கிறார். இந்தப் பகுதியில் வீடும் வளவும் மகளுக்குப் போகின்றன. மருமகன் வந்து சேர்கிறான். அக்கரைப்பற்றில் 1969 தொடங்கிக் களப்பணி செய்த டெனிஸ் மக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் தமிழர், முஸ்லிம்கள் இருவரிடமும் இந்த வழக்கத்தை விரிவாக எழுதியிருக்கிறார். வாசித்திருந்தேன். ஆனாலும் ஒரு பெண் தன் வீட்டுத் திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்து ‘என்ட வீடு’ என்று சொல்லும்போது அந்தக் குரலில் இருக்கும் உறுதியை எந்தப் புத்தகமும் எனக்குச் சொன்னதில்லை. மதுரைப் பக்கம் என் தோழிகளில் பாதிப் பேர் அறுபது வயதிலும் ‘அவங்க வீடு’ என்கிறார்கள். இதனால் இங்கே பெண்கள் எல்லாவற்றிலும் ஆள்கிறார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. கோயில் பொறுப்பில் நான் பார்த்தவர்கள் எல்லாரும் ஆண்கள். கட்டட வேலைக்கும் மத்திய கிழக்குக்கும் போய்ச் சம்பாதித்து அந்த வீட்டை எழுப்புவதும் பெண்ணைப் பெற்றவர்களின் பாரம்தான்.

மத்தியானம் சிவப்பரிசிச் சோறு, வாவி நண்டுக் கறி, முருங்கை இலை வறை, பால் சொதி. நண்டில் தேங்காய்ப்பாலும் முருங்கை இலையும் போட்டிருந்தார்கள். அம்மா என் எதிரில் உட்கார்ந்து, நான் விட்டுவைத்த ஓட்டை எடுத்து உடைத்து, உள்ளே இருந்த சதையை என் தட்டில் வைத்தார். “இதெல்லாம் விடப்படாது புள்ள.”

அன்றிரவு முதலைக்குடாப் பக்கத்துக் கண்ணகி கோயிலில் அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்தி. கண்ணகை அம்மன் என்பதுதான் ஊர்வழக்கு. கதவு திறந்ததிலிருந்து சில நாட்களாகச் சடங்கு நடந்திருக்கிறது. கல்யாணக்கால் நட்டிருக்கிறார்கள். உடுக்கடித்துக் கண்ணகி வழக்குரை பாடியிருக்கிறார்கள். இந்த வழக்குரை நம் சிலப்பதிகாரம் அல்ல. ஊர் ஊராக ஏட்டில் எழுதிப் பாடிவந்த தனிக் காவியம். பண்டிதர் வி.சீ. கந்தையா போன்றவர்கள் அதை அச்சுக்குக் கொண்டுவந்தார்கள். இதில் அம்மன் பாண்டியன் தோட்டத்து மாங்கனியாக வந்து பிறந்தவள். அப்படியென்றால் சிலம்போடு மதுரைக்கு வந்தவள் தகப்பன் வீட்டுக்குத்தான் வந்திருக்கிறாள். வகுப்பில் வழக்குரை காதையை நடத்தும்போது நான் அரசனையும் குடிமகளையும் எதிரெதிரே நிறுத்துவேன். இங்கே நிற்பது தகப்பனும் மகளும். எரிந்தது பிறந்த வீடு. கோபத்தின் எடையே மாறிவிடுகிறது.

கோயில் சிறியது. வெளியே மணல். பெண்பிள்ளைகள் உரலில் நேர்த்தி நெல்லைக் குத்தினார்கள். உலக்கை மாறி மாறி விழும்போது சுற்றி நின்ற பெண்கள் குரவை இட்டார்கள். பறைமேளம் நெஞ்சில் அடித்தது. நள்ளிரவு தாண்டிப் பூசகரான கட்டாடியார் வாய்க்குத் துணி கட்டிக்கொண்டு வெளியே வந்தார். குடங்களில் நீர். வேப்பிலை. பாடகர்கள் குளிர்த்திப் பாட்டைத் தொடங்கினார்கள். மதுரையை எரித்துவிட்டு வந்த அம்மனின் வெம்மை தணிய வேண்டும், நிலம் குளிர வேண்டும், மழை பெய்ய வேண்டும், நோய் ஓட வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் போகும் பாட்டு. ஒவ்வொரு வேண்டுதல் முடிவிலும் நீரை அள்ளித் தெளித்தார்கள். கூட்டம் அந்தத் துளிக்காக முகத்தை உயர்த்தியது. எனக்கு முன்னால் நின்ற மனிதர், வயல் வேலை செய்து காய்ந்த முதுகு அவருக்கு, தோளில் தூங்கிய பிள்ளையின் தலையைத் தண்ணீர் விழும் பக்கம் திருப்பிப் பிடித்தார்.

பக்கத்தில் நின்ற ஆச்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “எந்த ஊர் புள்ள?”

“மதுரை, ஆச்சி.”

“மதுரையா? அம்மன் எரிச்ச மதுரையா?”

“ஓம்.”

என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பின்னால் திரும்பி இரண்டு மூன்று பேரிடம், “இஞ்ச பாருங்கடி, மதுரையில இருந்து வந்திருக்கா” என்றார். அவர்கள் நெருங்கி வந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை, வியக்கவும் இல்லை. துக்கம் நடந்த வீட்டிலிருந்து வந்தவளைப் பார்க்கிற பார்வை. ஆச்சி கேட்டார்: “அங்க இப்ப குளிர்ந்துட்டா?”

வைகாசி மாதத்து மதுரை. நான் புறப்பட்ட நாளில் வெயில் நாற்பது பாகையைத் தொட்டிருந்தது. “இன்னும் வெயில்தான் ஆச்சி” என்றேன். அவர் தலையை ஆட்டினார். பிறகு கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய், குளிர்த்தித் தண்ணீரை ஒரு சோடாப் போத்தலில் வாங்கிக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தார். “கொண்டு போய் அங்க தெளி. நாங்க இஞ்ச வருசா வருசம் கேக்கிறம். உங்கட ஊருக்கும் சேர்த்துத்தான் கேக்கிறம்.”

சிம்மக்கல்லில் செல்லத்தம்மன் கோயிலுக்குள் கண்ணகிக்கு ஒரு சன்னதி உண்டு. மதுரையில் பிறந்து வளர்ந்தவர்களிலேயே பலர் அதைப் பார்த்ததில்லை. தேனி மலைமேல் மங்கலதேவி கோயிலுக்குச் சித்திரைப் பௌர்ணமியன்று ஒரு நாள் மட்டும், இரண்டு மாநில அதிகாரிகளின் கண்காணிப்பில் ஏறி இறங்குகிறோம். மற்றபடி கண்ணகி நமக்குச் சிலை, பாடம், பட்டிமன்றத் தலைப்பு. கடல் தாண்டி, போரில் ஊரோடு பெயர்ந்து, சுனாமி பார்த்து, திரும்பி வந்து ஓடு மாற்றிய வீட்டில் வாழும் இந்தச் சனங்கள், எங்கள் ஊரில் மூட்டிய நெருப்புக்கு இன்னும் நீர் தெளித்துக்கொண்டிருக்கிறார்கள். இதைப் பார்க்காமல் சிலப்பதிகாரத்துக்கு உரை சொல்ல எனக்கு இனி வாய் வராது.

கொம்புமுறியையும் விசாரித்தேன். வடசேரி, தென்சேரி என்று ஊர் இரண்டாகப் பிரிந்து, வளைந்த கொம்புகளை ஒன்றில் ஒன்று மாட்டி, ஒன்று முறியும்வரை இழுக்கும் சடங்கு விளையாட்டு அது. வடசேரி கோவலன் கட்சி, தென்சேரி கண்ணகி கட்சி. மழை பொய்த்தால் ஆடுவார்கள். இப்போது அரிதாகிவிட்டதாம். “ஆடினா ரெண்டு கட்சியும் மறுகா பேசாம திரியுது” என்றார் மாணவியின் தாத்தா. தான் தென்சேரி என்பதையும் சொல்லிக்கொண்டார்.

மண்டூர் – குருமண்வெளி

தெற்கே மண்டூர். சின்னக் கதிர்காமம் என்று பெயர் பெற்ற முருகன் கோயில். இங்கேயும் வாய்கட்டித்தான் பூசை, திரைக்குப் பின்னால் மூர்த்தி. அங்கிருந்து எழுவான்கரைக்குப் போக வாவியில் ‘பாதை’ ஓடுகிறது. தட்டையான மிதவை, மோட்டார் சைக்கிளும் ஆளும் தயிர்ச் சட்டியும் ஒன்றாக ஏறும். என்னோடு நின்றவர்களில் பாதி ஆசிரியர்கள். எழுவான்கரையில் வீடு, படுவான்கரையில் பள்ளி. காலையும் மாலையும் இப்படித்தான் கடக்கிறார்கள். தமிழ் ஆசிரியை ஒருவர் கைத்தறிச் சேலையைச் செருகிக்கொண்டு ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி, மழைக்காலத்தில் காற்று அடித்தால் பாதை ஓடாது, அன்றைக்குப் பிள்ளைகளுக்குத் தமிழ் இல்லை என்றார். நடுவாவியில் மேற்குக் கரை பச்சைக் கோடாகவும் கிழக்குக் கரை தென்னை வரிசையாகவும் தெரிந்தது. குருமண்வெளியில் இறங்கியதும் அவர் வண்டியை உதைத்துக் கிளப்பி, என்னையும் பின்னால் ஏற்றிக் களுவாஞ்சிக்குடி பஸ் நிறுத்தத்தில் விட்டார்.

மலிவுச் சீட்டில் கைப்பை மட்டும்தான். கைப்பையில் நூறு மில்லிலிட்டருக்கு மேல் நீர் போகாது. கொழும்பு விடுதியில் ஒரு சின்ன மருந்துப் போத்தலைக் கழுவி, ஆச்சி கொடுத்ததில் அதற்குள் அடங்கியதை நிரப்பிக்கொண்டேன். மிச்சத்தை விடுதி முற்றத்து மாமரத்துக்கு ஊற்றினேன்.

என்னிடம் ஆய்வு செய்யும் மாணவி ஒருத்தி கண்ணகி கதைப்பாடல்களைத்தான் எடுத்திருக்கிறாள். அடுத்த ஆண்டு மட்டக்களப்பில் கட்டுரை வாசிக்க அவளுக்கும் ஆசை. விமானச் சலுகை எப்போது வரும் என்று தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023ல் தொடங்கிய கப்பல் அந்த மாதம் ஓடினால் அதில் போய், யாழ்ப்பாணத்தையும் பார்த்துவிட்டு வவுனியா வழியாகக் கிழக்கே இறங்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். கருத்தரங்கில் எழுந்து பேசிய அந்த ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்டிருக்கிறேன்: அடுத்த வைகாசியில் முதலைக்குடாவில் கதவு எந்த நாள் திறக்கிறது? அவர் பதில் வந்த பிறகுதான் அவள் சீட்டு எடுக்கவேண்டும்.